கொழுக்க வைக்கும் செம்மறிக் குட்டிக்கு நுண்தாது: எதைச் சேர்ப்பது, எதைத் தொடாமல் விடுவது

பால் மறந்த செம்மறிக் குட்டியை அடர்தீவனம் கொடுத்து எடை ஏற்றும்போது எல்லோருடைய கவனமும் தானியத்திலும் புரதத்திலும்தான் இருக்கும். தாது உப்பு கடைசியில்தான் நினைவுக்கு வரும். அதுவும் "ஒரு கைப்பிடி போட்டு வைப்போம், நல்லதுதானே" என்கிற அளவில். சாப்பாட்டு உப்பு, கால்சியம் மாதிரியான பெரிய தாதுக்களில் இந்தக் கைப்பிடிக் கணக்கு ஓரளவு ஓடிவிடும். நுண்தாதுக்களில் ஓடாது. அதிலும் செம்பு என்று வந்துவிட்டால், மாடு தாங்குவதை, பன்றி தாங்குவதை, ஏன் வெள்ளாடு தாங்குவதைக்கூடச் செம்மறி தாங்காது.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். வளரும் குட்டியின் தீவனத்தில் கால்சியம் கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிராம் வேண்டும். செலினியம் வேண்டியது 0.2 மில்லிகிராம். அதாவது கால்சியத்தில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. இப்படி மிகக் கொஞ்சமாகத் தேவைப்படுபவைதான் நுண்தாதுக்கள்: துத்தநாகம், மாங்கனீஸ், இரும்பு, செம்பு, அயோடின், கோபால்ட், செலினியம். தீவனத்தைப் பற்றி எழுதும் இடங்களில் இவற்றின் அளவை "கிலோ உலர் தீவனத்துக்கு இத்தனை மில்லிகிராம்" என்று சொல்வார்கள். உலர் என்றால் ஈரத்தைக் கழித்த எடை. காய்ந்த தானியத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் ஈரம் இருக்கும். பசுந்தீவனத்தில் எடையின் பெரும்பகுதி தண்ணீர்தான். இன்னொன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் கணக்கெல்லாம் சுலபம்: கிலோவுக்கு 1 மி.கி. என்பதும் டன்னுக்கு 1 கிராம் என்பதும் ஒன்றே.

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு செம்மறிகளுக்காக 1985-இல் கொடுத்த அளவுகளைத்தான் இன்றும் பலர் தொடக்கப் புள்ளியாக வைத்துக்கொள்கிறார்கள். கிலோ உலர் தீவனத்துக்கு இரும்பு 30 முதல் 50 மி.கி., மாங்கனீஸ் 20 முதல் 40, துத்தநாகம் 20 முதல் 33, செம்பு 7 முதல் 11, அயோடின் 0.1 முதல் 0.8, கோபால்ட் 0.1 முதல் 0.2, செலினியமும் 0.1 முதல் 0.2. முப்பது கிலோ குட்டி ஒரு நாளைக்கு 1.2 கிலோ அளவுக்கு உலர் தீவனம் தின்னும். அதற்கு அன்றைக்கு வேண்டிய செலினியம் கால் மில்லிகிராம்கூட இல்லை. கண்ணால் பார்த்துப் போடும் அளவே அல்ல.

இந்த எண்கள் மொத்தத் தேவையைச் சொல்பவை. "இவ்வளவு சேர்க்க வேண்டும்" என்று படித்துவிட்டால் எல்லாமே தப்பாகிவிடும். தானியத்திலும் பிண்ணாக்கிலும் வைக்கோலிலும் ஏற்கெனவே கொஞ்சம் இருக்கிறது. குறைவதை மட்டும் நிரப்புவதுதான் வேலை.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். தீவனத்தில் 60 பங்கு மக்காச்சோளம், 20 பங்கு சோயாப் பிண்ணாக்கு, 20 பங்கு காய்ந்த புல் என்று வைத்துக்கொள்வோம். செம்பு மக்காச்சோளத்தில் கிலோவுக்கு 3 மி.கி., சோயாவில் 18, காய்ந்த புல்லில் 5 என்று எடுத்தால், 1.8 + 3.6 + 1.0 = 6.4 மி.கி. ஒன்றுமே சேர்க்காமலே தேவையின் வாசலுக்கு வந்துவிட்டது. துத்தநாகம் முறையே 20, 55, 20 என்று எடுத்தால் மொத்தம் 27. பரவாயில்லை, ஆனால் வேகமாக வளரும் குட்டிக்குக் கொஞ்சம் சேர்ப்பது நல்லது. கோபால்ட்? மக்காச்சோளத்தில் அது இருப்பதாகவே சொல்ல முடியாது. மாங்கனீசும் மக்காச்சோளத்தில் மிகக் குறைவு. ஆக ஒரே தீவனத்தில் ஒரு தாது போதுமான அளவு, இன்னொன்று அரைகுறை, மற்றொன்று இல்லவே இல்லை. எல்லாவற்றையும் ஒரே கைப்பிடியில் கூட்டினால் இந்த ஏற்றத்தாழ்வு சரியாகாது. மண்ணையும் ரகத்தையும் பொறுத்து இந்த எண்கள் மாறும். கையிலிருக்கும் தீவனத்தை ஒரு தடவை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டால் ஊகத்துக்கு வேலையில்லை.

செம்பு: பயப்பட வேண்டிய தாது

செம்பு இல்லாமலும் குட்டி வாழாது. தாயிடம் செம்பு குறைந்தால் பிறக்கும் குட்டி பின்னங்கால் தள்ளாடும். கம்பளி சுருள் இழந்து கம்பி மாதிரி நேராகும். ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் மேய்ச்சல் நிலத்துப் பிரச்சினை. கொட்டிலில் அடைத்து தானியம் கொடுக்கும் குட்டிக்கு ஆபத்து எதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது.

காரணம் கல்லீரலில் இருக்கிறது. உடம்புக்கு மிஞ்சிய செம்பைக் கல்லீரல் பித்தநீர் வழியாக வெளியே தள்ள வேண்டும். செம்மறியின் கல்லீரல் அந்த வேலையில் மந்தம். தீவனத்தில் செம்பு கூடினாலும் வெளியேற்றம் அதற்கேற்பக் கூடுவதில்லை. போட்ட காசு வெளியே வராத உண்டியல் போல, வாரக்கணக்கில் சேர்த்துக்கொண்டே இருக்கும். அந்த நாட்களில் குட்டியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. நன்றாகத் தின்னும், எடை ஏறும். அப்புறம் ஒரு நாள் வண்டியில் ஏற்றும்போதோ, மயிர் கத்தரிக்கும்போதோ, தீவனத்தைத் திடீரென மாற்றும்போதோ, கடும் மழையிலோ அந்த உண்டியல் உடைகிறது. சேர்ந்திருந்த செம்பு மொத்தமாக இரத்தத்தில் இறங்கி சிவப்பணுக்களை உடைக்கிறது. குட்டி தீவனத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். கண் இமையைத் திருப்பிப் பார்த்தால் மஞ்சள். சிறுநீர் கருஞ்சிவப்பு. ஓரிரு நாளில் செத்துவிடும். அறுத்துப் பார்த்தால் சிறுநீரகம் துப்பாக்கிக் குழல் நிறத்தில் கறுத்திருக்கும். மந்தையிலேயே கொழுத்த குட்டிதான் முதலில் போகும் என்பது இதில் கொடுமை. அதிகம் தின்றது அதுதானே.

செம்பு எவ்வளவு உள்ளே போகிறது என்பது தீவனத்தில் இருக்கும் செம்பை மட்டும் பொறுத்ததல்ல. தீவனத்தில் இருக்கும் மாலிப்டினம் என்ற இன்னொரு தாதுவும் கந்தகமும் முதல் வயிற்றில் ஒன்றுகூடி தயோமாலிப்டேட் என்ற கூட்டுப்பொருளாகி செம்பைப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடிபட்ட செம்பு இரத்தத்துக்குப் போகாமல் சாணத்தோடு வெளியேறும். அதனால்தான் செம்புக்கும் மாலிப்டினத்துக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்கிறார்கள். 6-க்கு 1 முதல் 10-க்கு 1 வரை என்றால் வசதி. மேய்ச்சல் நிலத்துப் புல்லில் மாலிப்டினம் கூடுதலாக இருந்தால் விகிதம் இறங்கி செம்புக் குறைபாடு வரலாம். தானியத்தில் மாலிப்டினமும் கந்தகமும் குறைவு. செம்பு 8, மாலிப்டினம் 0.5 என்றால் விகிதம் 16-க்கு 1. "இயல்பான" செம்பே இங்கே அதிகப்படியாகிவிடுகிறது. நார்ச்சத்து குறைந்து தானியம் கூடினாலும் செம்பு உறிஞ்சப்படுவது கூடும். வளர்ச்சியூக்கியாகச் சேர்க்கும் மொனென்சின் போன்ற மருந்துகளும் செம்பு கல்லீரலில் தங்குவதைக் கூட்டும். மேய்ந்துகொண்டிருந்த குட்டியைக் கொட்டிலுக்குக் கொண்டுவந்ததும் இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

இனமும் கணக்கில் வரும். டெக்செல் இனக் குட்டி செம்பை வேகமாகச் சேர்க்கும். மெரினோ அந்த அளவுக்கு இல்லை. ஸ்காட்லாந்துத் தீவொன்றில் கடற்பாசி தின்றே வாழும் நார்த் ரொனால்ட்சே என்ற இனம் உண்டு. செம்பு அரிதான அந்த உணவுக்குப் பழகிய உடம்பு, கிடைப்பதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். தீவை விட்டு வெளியே கொண்டுவந்து சாதாரணப் புல்லில் விட்டாலே அதற்குச் செம்பு நஞ்சேறிவிடும்.

இப்போது கைப்பிடிக் கணக்குக்கு வருவோம். மாட்டுக்கான தாது உப்புக் கலவையில் கிலோவுக்கு 1,000 மி.கி. செம்பு இருக்கிறது என்று வையுங்கள். அதைத் தீவனத்தில் 2 விழுக்காடு கலந்தால் கிலோ தீவனத்துக்கு 20 மி.கி. செம்பு கூடுகிறது. மேலே பார்த்த 6.4-ஐயும் சேர்த்தால் 26.4. ஐரோப்பிய ஒன்றியத்தில் செம்மறிக்கான முழுத் தீவனத்தில் செம்பு கிலோவுக்கு 15 மி.கி. தாண்டக் கூடாது என்பது சட்டம். 10 தாண்டினாலே மூட்டையில் எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும். மாட்டுக்கு நல்லது செய்யும் அதே பொடி இங்கே இரண்டு மூன்று மாதத்தில் ஆளைக் காலி செய்துவிடும். பன்றித் தீவனத்தில் வளர்ச்சிக்காகவே செம்பைக் கூடுதலாகச் சேர்ப்பதுண்டு. அது மீந்தது என்று குட்டிக்குக் கொட்டிவிடக் கூடாது. கோழி எருவைத் தீவனத்தில் கலப்பவர்களுக்கும் இதே எச்சரிக்கை. வெள்ளாட்டுக் கலவையும் வேண்டாம். வெள்ளாட்டுக்குச் செம்புத் தேவையும் கூடுதல், தாங்கும் சக்தியும் கூடுதல். குளம்பு நனைக்க வைத்திருக்கும் மயில்துத்த (செம்பு சல்ஃபேட்) கரைசலைக் குட்டி குடித்துவிடாமல் பார்த்துக்கொள்வதும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

என்னைக் கேட்டால், ஆய்வக அறிக்கை "குறைவு" என்று சொல்லாத வரை கொழுக்க வைக்கும் செம்மறிக் குட்டிக்குச் செம்பு சேர்க்கவே கூடாது. மூட்டையில் "செம்மறிக்கானது, செம்பு சேர்க்கப்படாதது" என்று இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. விலை, நிறம், வாசனை எல்லாம் அதற்கு அப்புறம்.

கோபால்ட்: மறக்கக் கூடாத தாது

1930-களில் ஆஸ்திரேலியாவின் கடற்கரைப் பகுதிகளில் நல்ல புல் இருந்தும் ஆடுகள் மெலிந்து சோகை பிடித்துச் செத்துக்கொண்டிருந்தன. நியூசிலாந்திலும் இதே மாதிரி ஒரு நோய். சோகை என்பதால் இரும்புக் குறை என்றே நினைத்தார்கள். லிமோனைட் என்ற இரும்புத் தாதுவைக் கொடுத்தபோது ஆடுகள் தேறவும் செய்தன. ஆனால் அண்டர்வுட், ஃபில்மர் என்ற இரு ஆய்வாளர்கள் அந்தத் தாதுவிலிருந்து இரும்பை நீக்கிவிட்டுக் கொடுத்தாலும் ஆடு தேறுவதைக் கவனித்தார்கள். தேற்றியது அதில் கலந்திருந்த கொஞ்சூண்டு கோபால்ட் என்பது 1935-இல் தெரியவந்தது. ஏன் என்பது இன்னும் தாமதமாக, 1948-இல் வைட்டமின் பி12 பிரித்தெடுக்கப்பட்டு அதன் நடுவில் கோபால்ட் அணு இருப்பது தெரிந்த பிறகுதான் புரிந்தது.

குட்டிக்கு நேரடியாகக் கோபால்ட் வேண்டியதில்லை. முதல் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்கள்தான் கோபால்ட்டைக் கொண்டு பி12 செய்கின்றன. குட்டி அந்த பி12-ஐ எடுத்துக்கொள்கிறது. தானியம் தின்னும் குட்டிக்கு இது ஏன் முக்கியம்? தானியம் முதல் வயிற்றில் புளிக்கும்போது புரோப்பியானிக் அமிலம் நிறைய உண்டாகிறது. அதைக் கல்லீரல் குளுக்கோஸாக மாற்றியாக வேண்டும், அந்த மாற்றத்துக்கு பி12 வேண்டும். எடை ஏற்றும் தீவனத்தின் சக்தி முழுக்க இந்த ஒரு வாசல் வழியாகத்தான் போகிறது என்றுகூடச் சொல்லலாம். பி12 போதாவிட்டால் அமிலம் இரத்தத்தில் தேங்கி, குட்டிக்குப் பசியே செத்துப்போகும். மேய்ச்சலில் இருந்தவரை புல்லோடு வாயில் போன மண்ணிலிருந்து கொஞ்சம் கோபால்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. சுத்தமான தீவனத் தொட்டியில் அதுவும் இல்லை. ஒரு பக்கம் தேவை கூடுகிறது, மறுபக்கம் வரத்து நின்றுவிடுகிறது.

அடையாளங்கள் குடற்புழுவையே நினைவூட்டும். மெலிவு, மந்தம், எடை ஏறாமை, வெளிறிய ஈறு. கண்ணிலிருந்து நீர் வழிந்து முகத்தில் கோடு விழுந்திருக்கும். காது மடல் காய்ந்து செதில் உதிரும். புழு மருந்து கொடுத்தும் தேறாவிட்டால் கோபால்ட்டைச் சந்தேகிக்கலாம். இதைச் சேர்ப்பதில் பெரிய பயம் இல்லை: தேவை 0.1 முதல் 0.2, தாங்கும் எல்லை 10 மி.கி. வரை போகும். உடம்பில் பி12-ஐத் தவிர கோபால்ட் சேமிப்பு கிடையாது என்பதால், என்றோ ஒரு நாள் நிறையக் கொடுப்பதைவிட தினமும் கொஞ்சம் போவதுதான் வேலை செய்யும்.

செலினியமும் மற்றவையும்

செலினியமும் வைட்டமின் ஈ-யும் கூட்டாளிகள். இரண்டும் சேர்ந்து தசைச் செல்களை ஆக்சிஜன் சிதைவிலிருந்து காப்பாற்றுகின்றன. இரண்டும் குறைந்தால் தசையில் வெளிறிய கோடுகள் விழும் வெண்தசை நோய் வரும். குட்டி விறைத்து நடக்கும், இதயத் தசையில் வந்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்துவிடும். செலினியம் கொடுத்தால் இது தடுக்கப்படும் என்பது அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில் 1958-இல் குட்டிகளிடம் காட்டப்பட்டது. பழைய வைக்கோல், நாள்பட்ட தானியம் இவற்றில் வைட்டமின் ஈ குறைந்துபோயிருக்கும். அதனால் செலினியத்தை மட்டும் பார்த்தால் போதாது.

ஆனால் செலினியத்துக்கு இரண்டு முகம். தேவைக்கும் நஞ்சுக்கும் இடையே இருக்கும் தூரம் குறைவு. தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளிப்போனாலே 0.2 என்பது 2 ஆகி அபாய எல்லையைத் தொட்டுவிடும். அதனால்தான் அமெரிக்காவில் செம்மறித் தீவனத்தில் சேர்க்கும் செலினியம் கிலோவுக்கு 0.3 மி.கி. தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நடப்பில் நஞ்சேறுவது பெரும்பாலும் இரட்டைக் கணக்கால்: தீவனத்தில் ஒரு பங்கு, நக்குக் கட்டியில் ஒரு பங்கு, "தெம்புக்கு" போட்ட ஊசியில் இன்னொரு பங்கு. ஊசி போடுவதற்கு முன்னால் தீவன மூட்டையின் பின்பக்கத்தைக் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

துத்தநாகம் தோலுக்கும் குளம்புக்கும் பசிக்கும். கிடாக்குட்டிகளுக்கு விதை வளர்ச்சிக்கும் வேண்டும். தாங்கும் எல்லை நூறுகளில் இருப்பதால் தாராளமாகச் சேர்க்கலாம். மாங்கனீஸ் எலும்புக்கு, மக்காச்சோளம் அதிகமுள்ள தீவனத்தில் சேர்த்துவிடலாம். அயோடின் தைராய்டுக்கு. முட்டைக்கோஸ், கடுகு குடும்பத்து இலைகளைத் தீவனமாகக் கொடுத்தால் தேவை மேல் எல்லையான 0.8-க்குப் போகும், ஏனென்றால் அந்த இலைகள் அயோடினை வேலை செய்ய விடாது. இரும்பைத் தேடிச் சேர்க்க வேண்டியதே இல்லை. தீவனத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணிலும் வேண்டிய அளவு உண்டு. கடையில் வாங்கும் நக்குக் கட்டி செங்கல் நிறத்தில் இருக்கிறதே, அந்த நிறம் இரும்பு ஆக்சைடு. உடம்பில் சேர்வது ரொம்பக் குறைவு, நிறத்துக்காகத்தான் இருக்கிறது.

மூட்டையைப் படிப்பதும் கலப்பதும்

நுண்தாதுக்களை முன்கூட்டியே கலந்து விற்கும் முன்கலவை மூட்டையில் ஒவ்வொரு தாதுவுக்கும் எதிரே ஓர் எண் இருக்கும்: கிலோ கலவைக்கு இத்தனை மி.கி. அந்த எண்ணை, டன்னுக்கு எத்தனை கிலோ கலக்கிறோமோ அதனால் பெருக்கி 1,000-ஆல் வகுத்தால், கிலோ தீவனத்தில் எவ்வளவு சேருகிறது என்று தெரிந்துவிடும். டன்னுக்கு 5 கிலோ கலக்கும் முன்கலவையில் துத்தநாகம் 6,000 என்றால் 30 மி.கி.; மாங்கனீஸ் 4,000 என்றால் 20; அயோடின் 100 என்றால் 0.5, கோபால்ட் 40, செலினியம் 40 என்றால் தலா 0.2. செம்புக்கு எதிரே பூஜ்யம். மக்காச்சோளத் தீவனத்துக்கு இந்த மாதிரிக் கலவை பொருந்தும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். எண் தனிமத்துக்கா, உப்புக்கா? துத்தநாக சல்ஃபேட்டில் துத்தநாகம் ஒரு வகையில் 36 விழுக்காடு, ஈரம் அதிகமுள்ள இன்னொரு வகையில் 23 விழுக்காடுதான். சல்ஃபேட் வகைகள் பொதுவாக நன்றாக உறிஞ்சப்படும், ஆக்சைடு வகைகள் குறைவாக. அமினோ அமிலத்தோடு பிணைத்த "கீலேட்" வகைகளைப் பெரிதாக விளம்பரப்படுத்துவார்கள். சிறப்புப் பிரச்சினை இருக்கும் இடங்களில் அவை உதவலாம். இரண்டு மூன்று மாதம் கொழுக்க வைத்து விற்கும் குட்டிக்குச் சாதாரண சல்ஃபேட்டே போதும் என்பது என் அபிப்பிராயம்.

சரி, கலப்பது எப்படி? டன்னுக்கு 0.2 கிராம் செலினியம் என்றால் சோடியம் செலினைட் கணக்கில் அரை கிராமுக்கும் குறைவு. அதை வாங்கி வீட்டில் கலப்பதை யோசிக்கவே வேண்டாம். முன்கலவை என்ற ஒன்று இருப்பதே இதற்காகத்தான். 100 கிலோ தீவனத்துக்கு மேலே சொன்ன முன்கலவை 500 கிராம். அதை நேராகக் குவியலின் தலையில் கொட்டாமல், முதலில் 2 கிலோ மாவுத் தானியத்தோடு நன்றாகப் புரட்டி, பிறகு அதை 10 கிலோவாக்கி, அப்புறம் மொத்தத்தில் கலக்க வேண்டும். முழுத் தானியமாகக் கொடுப்பவர்கள் தொட்டியின் அடியைப் பார்க்கட்டும். தூள் கீழே தங்கியிருந்தால் ஒரு குட்டிக்கு ஒன்றும் போகவில்லை, இன்னொன்றுக்கு எல்லாம் போயிருக்கிறது. கொஞ்சம் கரும்புப் பாகு தெளித்தாலோ, குருணையாக அழுத்தினாலோ இது தீரும்.

நக்குக் கட்டி வசதிதான், ஆனால் யார் எவ்வளவு நக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தள்ளிக்கொண்டு வரும் குட்டி மணிக்கணக்கில் நக்கும். ஒதுங்கி நிற்பது கிட்டவே வராது. கொட்டிலில் தீவனம் கலந்து கொடுக்கும் வாய்ப்பு இருக்கும்போது தாதுவையும் அதிலேயே கலப்பதுதான் நம்பகம். கட்டியை வெறும் உப்புக்காக வைத்துக்கொள்ளலாம்.

நுண்தாது பற்றியது இல்லை என்றாலும் இதையும் சொல்லிவிடுகிறேன்: தானியத்தில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கிடாக்குட்டிகளுக்குச் சிறுநீர்க் குழாயில் கல் அடைக்காமலிருக்க கால்சியம் பாஸ்பரஸைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் தூளைக் கலப்பது அதற்காகத்தான்.

சேர்த்தது சரியா என்று எப்படிப் பார்ப்பது? கோபால்ட்டுக்கு இரத்தத்தில் பி12, செலினியத்துக்கு இரத்தத்தில் அதன் அளவு அல்லது குளுட்டாதயோன் பெராக்ஸிடேஸ் நொதி. செம்புக்கு மட்டும் இரத்தப் பரிசோதனை ஏமாற்றும். கல்லீரல் நிறைந்து வழியும் நிலையிலும் இரத்தத்தில் அளவு இயல்பாகவே காட்டும். கல்லீரல் நொதிகளான ஏஎஸ்டி, ஜிஜிடி கூடியிருக்கிறதா என்று பார்த்தால் சிக்கல் முற்றுவதற்கு முன்பே தெரிய வாய்ப்புண்டு. ஒரு குட்டி மஞ்சள் கண்ணோடு செத்திருந்தால் மீதிக் குட்டிகளுக்கு அன்றே இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். செம்பைக் கட்டிப்போடும் மாலிப்டேட், சல்ஃபேட் மருந்தைக் கால்நடை மருத்துவர் தொடங்கினால் இன்னும் உடையாத கல்லீரல்களைக் காப்பாற்றலாம். அவசரம் இல்லாத நேரத்தில் மலிவான வழி, அறுப்புக்குப் போகும் குட்டிகளில் சிலவற்றின் கல்லீரல் துண்டை ஆய்வகத்துக்கு அனுப்புவது. உலர் எடையில் கிலோவுக்கு 100 முதல் 500 மி.கி. செம்பு என்றால் இயல்பு. ஆயிரத்தை நெருங்கியிருந்தால், அந்தக் குட்டிகள் பிழைத்தது அதிர்ஷ்டம். அடுத்த கூட்டம் கொட்டிலுக்கு வருவதற்குள் தீவனத்தை மாற்றியாக வேண்டும்.